ஆடியில் வாங்கிய வெற்றிலை

புதுச் சுங்குடிச் சேலையை முதல் தடவை உப்புத் தண்ணீரில் ஊறப்போடும்போது வாளியிலிருந்து ஒரு வாசனை எழும். ஈரப் பருத்தி, சாயம், கொஞ்சம் கஞ்சி, எங்கிருந்தோ கொஞ்சம் இரும்பு. போன வாரம் வீட்டில் அந்த வாளி என் பொறுப்புக்கு வந்தது. கையை விட்டு அலசினேன். தண்ணீர் கத்தரிப்பூ நிறமானது. அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டேன். முழங்கால் வலித்தது, எழுந்திருக்க மனமில்லை. தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு சந்து, அதில் ஒரு சாயப்பட்டறை, அங்கே ஒரு கோடை முழுக்க நாங்கள் கட்டிப் பிரித்துக் கட்டிய ஹாக்கி அணி, எல்லாம் அந்த வாளிக்குள் மிதந்தன.

தொண்ணூறுகளின் கடைசி அது. வைகைக்குத் தெற்கே எங்கள் அணி. வடக்கே கோரிப்பாளையத்தில், எங்களை வருடம் தவறாமல் தோற்கடிக்கிற அணி. நான் எங்கள் அணியின் கோலி, கோல் காப்பவன். பகலில் ஓர் அலுவலகத்தில் கடிதங்களுக்குப் பதில் எழுதும் குமாஸ்தா. கையெழுத்து நன்றாக இருந்ததால் அணியின் நோட்டும் என்னிடமே வந்துசேர்ந்தது.

செயலாளர் என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். சௌராஷ்டிரக்காரர், பட்டறை அவருடையது. வீட்டுக்குள் அவர்கள் பாஷை, வாசலைத் தாண்டினால் எங்களையெல்லாம் தோற்கடிக்கிற மதுரைப் பேச்சு. முழங்கை வரை எப்போதும் ஏதாவதொரு நிறம் இருக்கும். திங்கட்கிழமை பச்சைக் கை, வியாழக்கிழமை அரக்குக் கை. அவரிடம் கை குலுக்கிய நடுவர்கள் தங்கள் உள்ளங்கையை ஒரு தடவை திருப்பிப் பார்த்துக்கொள்வார்கள்.

அந்த வருடம் லீக் முடிந்ததும் எல்லா அணிச் செயலாளர்களும் கூடி ஒரு விதி போட்டார்கள். ஓர் அணி தன் ஆட்டக்காரர்கள் அனைவருக்கும் சேர்த்து ஒரு சீசனுக்குக் கொடுக்கும் பேட்டா, குறிப்பிட்ட தொகைக்கு மேல் போகக் கூடாது. காசுள்ளவர்கள் நல்ல கால்களையெல்லாம் வாரிக்கொண்டு போகாமலிருக்க அந்த ஏற்பாடு. விதிக்குப் பெயர் தேடியபோது யாரோ ‘உச்சவரம்பு’ என்றார்கள். நிலத்துக்கு இருந்த சொல். சொல் வந்தால் அதன் தந்திரங்களும் கூடவே வராதா? கூட்டம் முடிந்து டீ ஆறுவதற்குள் ஒருவர் எங்கள் செயலாளரின் காதருகே வந்தார்.

“ரெண்டு பேர் பேட்டாவ உங்க மச்சினன் பேர்ல எழுதிருங்கண்ணே. யாரு கேக்கப் போறா?”

“எம் மச்சினன் சைக்கிள்ல ஏறுனாலே மூச்சு வாங்குவான். அவென் பேர்ல சென்டர் பார்வேர்டா? போங்கண்ணே அங்கிட்டு.”

அந்த விதிக்கு முதலில் கை தூக்கியவர் அவர். எங்கள் அணியின் பேட்டா வரம்பைத் தாண்டித்தான் இருக்கிறது, இரண்டு பேரையாவது விட வேண்டியிருக்கும் என்று தெரிந்தேதான் தூக்கினார். அன்றைக்கு மஞ்சள் கை. கூட்டத்தில் அதுமட்டும் தனியாகத் தெரிந்தது.

பிறகு ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்கள். பட்டறை ஓய்ந்திருக்கும். கொடிகளில் நூல் காயும், சொட்டும். நான் கவிழ்த்துப் போட்ட வாளிமேல் நோட்டோடு உட்காருவேன். அவர் நடந்துகொண்டே பேசுவார்.

“தொட்டி ஒண்ணுதேன் மாப்ள. செவப்ப அள்ளிப் போட்டா நீலத்தக் கொறைக்கணும். ரெண்டையும் அள்ளுனா என்னாகும்?”

“கருப்பாகும்.”

“சேறாகும். கருப்பு நல்ல கலரு, அதப் பழிக்காத.”

ஊரில் எல்லாரும் ஆட்டக்காரனைக் கடைசி ஆட்டத்தின் கைதட்டலை வைத்து எடைபோடுவார்கள். அவர் மாட்டார். ஈர நூல் எப்போதும் அடர்த்தியாகத்தான் தெரியும், காய்ந்த பிறகு நிற்பதுதான் அதன் சொந்த நிறம் என்பார். எங்கள் இடது ஓர ஆட்டக்காரன், லெப்ட் அவுட், கடைசி ஆட்டத்தில் இரண்டு கோல் போட்டுவிட்டு பேட்டாவை உயர்த்திக் கேட்டான். ஆட்டமே இல்லாத ஆனி மாதத்தில், ஒரு விடியற்காலை, செயலாளர் சொல்லாமல் கொள்ளாமல் மைதானத்து மூலையில் போய் நின்றார். லெப்ட் அவுட் வரவே இல்லை. சோழவந்தான்காரன் வந்திருந்தான். யாரும் கூப்பிடாமல், முதல் பஸ் பிடித்து, தனியாகப் பந்தை உருட்டிக்கொண்டிருந்தான்.

அவன்தான் எங்கள் சென்டர் ஆப், நடுக்களத்தைத் தாங்குகிறவன். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிற குடும்பம். நெருக்கமான கொடிகளுக்கு நடுவே ஓர் இலை கிழியாமல் குனிந்து நடந்து பழகிய உடம்பு. எதிரணிக்குள் அவன் புகுந்து வெளியே வருவதைப் பார்த்தால் அது புரியும்.

“இவென் இருந்தா மத்தவங்க சுமாரா இருந்தாப் போதும்,” என்றார் செயலாளர். “இவென் இல்லேன்னா மத்தவங்க எம்புட்டு நல்லா ஆடுனாலும் பத்தாது.”

முழுத்திட்டமும் அந்த ஒரு வாக்கியத்தின்மேல் நின்றது. லெப்ட் அவுட்டை விட்டார். அதிகப் பேட்டா வாங்கிய ஒரு பார்வேர்டையும், அவனுக்கு வேறு அணியில் இடம் பேசி முடித்துவிட்டு, விட்டார். விட்டவனைப் பஸ் ஏற்றிவிடப் போன ஒரே செயலாளர் அவராகத்தான் இருப்பார். அப்படியும் வலது பக்கம் கோலுக்கு முன்னால் காவல் நிற்க ஒரு நல்ல புல்பேக்குக்கு வரம்பில் இடம் போதவில்லை. நோட்டில் அந்த ஒரு கட்டம் மட்டும் காலியாகவே கிடந்தது.

எங்களுக்குள் ஒப்பந்தம் என்றால் கையெழுத்து இல்லை. தட்டில் வெற்றிலை பாக்கு, மேலே ஒரு ரூபாய், பார்ப்பதற்கு இரண்டு பேர். எடுத்துக்கொண்டால் அவன் அந்த அணி. ஆடி பிறந்துவிட்டால் யாரும் பாக்கு மாற்ற மாட்டார்கள் என்பதால் ஆனிக்குள் எல்லாருக்கும் கொடுத்து முடித்துவிட்டோம், சென்டர் ஆப் ஒருவனைத் தவிர. நினைவூட்டியபோது செயலாளர் சிரித்தார்.

“வீட்டுப் பிள்ளைக்கு எவனாச்சும் வெத்தல வச்சுக் கூப்புடுவானா?”

அவர் செய்த ஒரே தப்பு அது. மரியாதையில் செய்த தப்பு.

ஆடி நடுவில் ஒரு நாள் சென்டர் ஆப் பட்டறை வாசலில் வந்து நின்றான். உள்ளே வரவில்லை.

“அண்ணே, கோரிப்பாளையத்துப் பாய் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தேன்.”

வடகரை அணியின் செயலாளரைத்தான் பாய் என்றான். மரக்கடை வைத்திருந்தார், மைதானத்தில் எங்கள் ஜென்ம எதிரி.

“சரி, பிரியாணி எப்படி?”

“பந்தி முடிஞ்சு தட்டுல வெத்தல வந்துச்சு. மேல ஒரு ரூவா இருந்துச்சு. பாய், ‘என்ன தம்பி, இந்த வருசம் நம்ம பக்கந்தானே’ன்னாரு. வெளாட்டுன்னு நெனச்சுச் சிரிச்சுக்கிட்டே எடுத்துட்டேன்.”

“ரூவாயப் பாத்துமா எடுத்த?”

“ஆடி மாசம்ணே! ஆடியில எவனாச்சும் பாக்கு மாத்துவானா?”

“அவுகளுக்கு ஏதுடா ஆடி?”

“எனக்கு அப்ப ஒறைக்கலண்ணே. நீட்டுன வெத்தலைய வேணாம்னா எங்கப்பா அடிப்பாரு. கொடிக்கால் வீடு.”

கத்துவார் என்று நினைத்தேன். செயலாளர் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துக் கண்ணைத் துடைத்ததில் கன்னத்தில் நீலம் இழுகியது. அப்புறம் சிரிப்பு நின்றது. ஆவணி முதல் வாரத்தில் பட்டியல் கொடுக்க வேண்டும். அவன் இல்லாமல் எங்களிடம் இருந்தது ஓட்டை விழுந்த தொட்டி.

நான் சொன்னேன், ஆடியில் மாற்றியது செல்லாது என்று கமிட்டியில் பேசலாம், பாதிப் பேர் நம் பக்கம் நிற்பார்கள் என்று.

“பாய் நேரா, இருபது பேர் முன்னால கேட்டுருக்காரு. இவனும் வாங்கியிருக்கான். நம்ம பஞ்சாங்கத்தக் கொண்டுபோய் அவர் வீட்டுச் செவத்துல மாட்டச் சொல்றியா?”

மறுநாள் அவரும் நானும் தரைப்பாலத்தில் நடந்து அக்கரைக்குப் போனோம். பாய் மரக்கடையில் நாற்காலி போட்டு, டீ சொல்லி, சமோசா வரவழைத்த பிறகுதான் பேச விட்டார்.

“நீங்க குடுத்த வெத்தல செல்லும் பாய். அதுல எனக்கு வழக்கு இல்ல,” என்று ஆரம்பித்தார் செயலாளர். “ஆனா அவென எடுத்தா உங்களுக்கு உச்சவரம்பு இடிக்கும். உங்க கோலி வளைகுடாவுக்குப் போயிட்டாரு. புதுக் கோலிக்கு என்ன வச்சிருக்கீக?”

பாய் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். “எங்க நோட்ட எப்பப் பாத்தீக?”

“நோட்டப் பாக்கல. உங்க ஆளுகள வருசம் பூராப் பாக்குறேன்ல.”

பாய் தாடியைத் தடவிக்கொண்டு சிரித்தார். ஒரு சாமர்த்தியத்தை இன்னொரு சாமர்த்தியம் கண்டுகொண்ட சிரிப்பு. “சரி. அந்தத் தம்பியத் தாரேன். பதிலுக்கு இந்தத் தம்பியக் குடுங்க.” விரல் என்னை நோக்கி நீண்டது. “கோல்ல நிக்க எனக்கு ஆள் வேணும். பெனால்டி கார்னர்ல இவரத் தாண்டிப் போடுறதுக்குள்ள எங்க பயலுகளுக்குத் தாவு தீந்துபோகுது.”

“அது ஆகாது. வேற கேளுங்க.”

“வேற ஒருத்தரும் வேணாம்.”

“அப்ப வாரோம் பாய்.”

எழுந்துவிட்டார். சமோசா பாதியில் இருந்தது. பாலத்தில் திரும்பி வரும்போது ஆற்று மணலில் மேய்ந்த எருமைகளைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் நோட்டில் என் பெயரை அடித்தேன். கோலியின் இடத்தில், குறைந்த பேட்டாவுக்கு ஆடச் சம்மதித்திருந்த ஒரு பஸ் கண்டக்டரின் பெயரை எழுதினேன். சுமாரான கோலி, ஆனால் பயப்படாதவர். சென்டர் ஆப் அவன் இடத்துக்குத் திரும்பினான். என் பேட்டாவில் மிஞ்சியதைக் காலிக் கட்டத்தில் வைத்தேன். கோடை முழுக்க எட்டாமலிருந்த வலது புல்பேக் அதில் வந்து அச்சாக உட்கார்ந்தான். கூட்டிப் பார்த்தேன். வரம்புக்குள் ஒரு டீக்குக்கூட இடம் மிச்சமில்லை, ஒரு காசும் மீறவில்லை. அழகான கணக்கு. என்னைத் தவிர அதில் எல்லாரும் இருந்தார்கள்.

நீட்டினேன். அவர் வாங்கவில்லை. கொடியில் நூலைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, “பாத்தேன்,” என்றார்.

“எப்பண்ணே?”

“பாய் கேட்ட அந்த நிமிசமே.”

“பெறகு ஏன் ஆகாதுன்னீக?”

“உன்னக் கேக்காம உன்னத் தூக்கிக் குடுக்க நீ என்ன நூலா?”

நான் எத்தனையோ பெரிய மனிதர்களைப் பிறகு பார்த்திருக்கிறேன். பட்டியல் கையிலிருக்கும்போது அதிலுள்ள பெயரை ஆளாகவே பார்த்தவர் அதிகமில்லை. அவர் தனக்குக் கிடைக்கவிருந்த மிகச் சிறந்த அணியை, ஒரு டீக்கடைப் பேரம்போல, ஒரே சொல்லில் வேண்டாமென்று விட்டு எழுந்து வந்திருக்கிறார். வழியெல்லாம் எருமையைப் பற்றிப் பேசி என்னிடம் அதை மறைத்துமிருக்கிறார்.

“இப்ப நானே சொல்றேன்ல. நான் போறேன்.”

“இப்பச் சொல்லாத. ஈரமா இருக்க. நாளைக்குச் சொல்லு.”

மறுநாளும் சொன்னேன், அதையேதான். அவர் உடனே தலையாட்டினார். அந்த ‘உடனே’ எனக்கு ஒரு முள் மாதிரி குத்தியது. இன்னொரு தடவை மறுப்பார் என்று உள்ளுக்குள் காத்திருந்திருக்கிறேன். ஆனால் கேட்டுவிட்டார், நான் சொல்லிவிட்டேன். அதற்கு மேல் மறுப்பது என் சொல்லுக்கு மரியாதை இல்லை என்று நினைத்திருப்பார். அல்லது கோப்பை அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்கும். இரண்டும் இருந்தால்தான் என்ன?

ஆவணி பிறந்த மறுநாள் காலை, என் கால் பேடுகளைச் சாக்கில் கட்டித் தோளில் வைத்துக்கொண்டு அவர் என்னோடு பாலத்துக்கு நடந்தார். எவ்வளவு கேட்டும் தரவில்லை. அக்கரை முனையில் பாய் பழைய ஸ்கூட்டரோடு நின்றிருந்தார். செயலாளர் சாக்கை ஸ்கூட்டரில் ஏற்றி, கயிற்றை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார்.

“பாய், இவென் பசியில இருந்தா மட்டும் கொஞ்சம் மொறைப்பான். ஆட்டத்துக்கு முன்னாடி ரெண்டு இட்லி குடுத்துருங்க. மழையில நல்லா நிப்பான். இடது பக்கம் பந்து வந்தா பயப்படாதீக, கடைசி நேரத்துலதான் நகருவான், ஆனா நகந்துருவான்.”

“என்ன, பொண்ணு குடுக்குற மாதிரிச் சொல்றீக,” என்றார் பாய்.

“பொண்ணு குடுத்தாத் திரும்பி வந்து கோல்ல நின்னு நம்மளையே தோக்கடிக்காதே பாய்.”

மூன்று பேரும் சிரித்தோம். நான் பின்சீட்டில் ஏறினேன். வண்டி இரண்டு உதைக்குக் கிளம்பவில்லை, மூன்றாவதில் கிளம்பியது.

“வாரேண்ணே.”

அவர் ஊதாக் கையை என் தோளில் வைத்தார். சட்டையில் ஒட்டுமே என்று உடனே எடுத்துக்கொண்டார்.

“எங்களோட ஆடுற அன்னைக்கு நான் கோட்டுக்கு வெளியதேன் நிப்பேன். எம் மூஞ்சியப் பாக்காத மாப்ள. பந்தப் பாரு.”