மூச்சு ஓட்டை

என் வேனின் கியர்பாக்ஸையும் பின்அச்சையும் வீட்டு வாசலிலேயே கழற்றி மாட்டியது நானும் என் அண்ணனும். தெருவில் கேட்டால் அண்ணன் மாட்டினான் என்பார்கள். வண்டி இடித்ததை மட்டும் நான் இடித்தேன் என்பார்கள். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அதனால் நடந்ததை ஒருமுறை நானே எழுதி வைக்கிறேன்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப்போகும் வேன் அது. என் வீட்டுக்காரர் ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் மாரடைப்பில் போன மூன்றாம் மாதம் நான் ஸ்டியரிங்கைப் பிடித்தேன். ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான்; ஞாயிற்றுக்கிழமைகளில் துறைமுகத்துப் பக்கம் ரோடு காலியாகக் கிடக்கும்போது, விளையாட்டாக. இப்படி உதவும் என்று இரண்டு பேருமே நினைக்கவில்லை.

வம்பாகீரப்பாளையத்தில் எங்கள் வீட்டுக்கும் அண்ணன் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். இந்தப் பக்கம் என் அடுப்பு, அந்தப் பக்கம் அவர்கள் அடுப்பு. வேன் ஓடுகிற வரைக்கும் என் அடுப்பு எரியும். நின்றுவிட்டால் அந்தப் பக்கம் போய், அண்ணி எப்போது கூப்பிடுவாள் என்று காத்திருந்து, தட்டை நீட்ட வேண்டும். அண்ணி கெட்டவள் இல்லை. ஆனால் அடுத்தவர் வீட்டில் சாப்பிடுகிறவளுக்கு இரண்டாவது கரண்டி குழம்பு கேட்க வாய் வராது. எனக்கு வேன் என்றால் அந்த இரண்டாவது கரண்டிதான்.

கோடை லீவுக்கு முன்பே வண்டி தகராறு செய்ய ஆரம்பித்தது. மூன்றாவது கியரைப் போட்டால் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடும். இடது கையால் லீவரை அழுத்திப் பிடித்துக்கொண்டே ஓட்டுவேன். பின்னால், இரண்டு சக்கரத்துக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கிற பல்சக்கரக் கூட்டம் ஒன்று இருக்கிறது. மெக்கானிக்குகள் கிரவுன் என்பார்கள். அது நாய் ஊளையிடுவதுபோல் கத்தியது. பிள்ளைகள் கூடவே ஊளையிடுவார்கள். எனக்கும் சிரிப்பு வரும்.

ஒர்க்‌ஷாப்பில் கேட்டேன். பள்ளி வண்டி எல்லாம் எஃப்.சி. சான்று வாங்குகிற வேலைக்கு வரிசையில் நிற்கிறது, ஜூலைக்கு மேல் வாங்க என்றார்கள். ஜூனில் பள்ளி திறந்துவிடும். பத்து நாள் வண்டி வராவிட்டால் பெற்றோர் வேறு வேன் பார்த்துவிடுவார்கள். போன பிள்ளைகள் திரும்பி வராது.

அப்போது மீன்பிடித் தடைக்காலம். போட்டுகள் எல்லாம் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் கட்டிக் கிடந்தன. போட்டு ஓட்டுகிற அண்ணனுக்கு இரண்டு மாதம் வேலை இல்லை. அவனே வந்து சொன்னான்.

"இருவது வருசமா போட்டு எஞ்சினப் பிரிச்சி மாட்றேன். இதெல்லாம் ஒரு வண்டியா? பொம்ம. சாமான மட்டும் வாங்கியா, மாட்டிடலாம்."

வில்லியனூர் ரோட்டில் உடைத்த வண்டிகளின் சாமான் விற்கிற காயலான் கடைக்குப் போனேன். ஒரே வண்டியிலிருந்து கழற்றிய கியர்பாக்ஸும் கிரவுனோடு முழுப் பின்அச்சும் கிடைத்தன. கடைக்காரர் வயசானவர், பொறுமையான மனுஷர். அச்சின் மேல்பக்கத்தில் பென்சில் நுழைகிற அளவுக்கு ஒரு சின்ன ஓட்டையை விரலால் தொட்டுக் காட்டினார்.

"இதும் மேல ஒரு மூடி இருந்திச்சிம்மா, ஒடஞ்சிபோச்சி. ஒரு சின்ன டியூபு மாட்டி மேல தூக்கிக் கட்டிடுங்க. அடைச்சி மட்டும் வுட்டுடாதீங்க. ஓட ஓட உள்ள சூடேறும், காத்து இதுவழியாத்தான் வெளிய போவணும். இது மூச்சு வுட்ற ஓட்டை."

வீட்டு வாசலில் வேலை ஆரம்பமானது. வேனை ஜாக்கியில் தூக்கி, கரையில் போட்டைத் தள்ளும்போது அடியில் கொடுக்கிற கட்டைகளைச் சக்கரத்துக்குப் பதில் முட்டுக்கொடுத்தோம். அண்ணன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நைட்டிமேல் என் வீட்டுக்காரர் சட்டையைப் போட்டுக்கொண்டு வண்டிக்கடியில் படுத்தேன். போகிறவர் வருகிறவர் எல்லாம் குனிந்து பார்த்தார்கள். வேலை இல்லாத தெருவுக்கு நாங்கள்தான் சினிமா.

பழைய கியர்பாக்ஸைக் கழற்றியது பெரிய பாடில்லை. புதியதை ஏற்றுவதுதான் உயிரை வாங்கியது. அண்ணன் மார்பின்மேல் வைத்துத் தூக்கித் தூக்கி முட்டினான். நான்கு முறை முட்டியும் உள்ளே போகவில்லை. கெட்ட வார்த்தைதான் வெளியே வந்தது. நான் எட்டிப் பார்த்தேன். கிளட்ச் தட்டு நடுவில் நிற்காமல் ஒரு விரற்கடை கீழே இறங்கியிருந்தது. மத்துக்காம்பில் காகிதம் சுற்றி, கனம் சரிபார்த்து, நடுவில் செருகித் தட்டை நிமிர்த்தி முடுக்கினேன். அடுத்த முறை தூக்கியதும் டொக்கென்று உட்கார்ந்தது. அண்ணன் வெளியே வந்து, வாசலில் நின்றவர்களைப் பார்த்து, "சேந்துடிச்சி பாத்தியா? எல்லாம் கைப்பழக்கம்" என்றான். நான் மத்தைக் கழுவப் போனேன். அன்றைக்கு அது எனக்குப் பெரிதாகப் படவில்லை.

பின்அச்சு மாட்டிய நாள்தான் என் தலைவிதி. அண்ணன் கை அந்த ஓட்டையில் போய் நின்றது.

"இது இன்னா ஓட்டை?"

"மூச்சு வுட்ற ஓட்டையாம். அடைக்கக் கூடாதாம். டியூபு மாட்டச் சொன்னாரு."

"ஆரு?"

"காயலான் கடைக்காரரு."

"இரும்ப எடை போட்றவன் சொன்னானாம், இவ கேட்டுக்கினு வந்து எனக்குப் பாடம் சொல்றா. ஓட்டைன்னா தண்ணி பூந்துடும். உப்புக்காத்து அடிக்கிற ஊர்ல தொறந்து வெச்சா உள்ள பூரா துருதான்."

"நம்ம வண்டி கடல்ல ஓடலியே அண்ணே."

வாசலில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பு இல்லாவிட்டால் அவன் யோசித்திருப்பானோ என்னவோ. முகம் சுருங்கிப்போயிற்று.

"நீ ஓட்டு. அதோட நிறுத்திக்க."

ஃபைபர் போட்டின் விரிசலுக்குப் பூசுகிற ரெசினைக் கொட்டாங்குச்சியில் குழைத்துக்கொண்டு வந்து, ஓட்டையை அடைத்து, மேலே விரலால் வழித்துவிட்டான். அவனை முட்டாள் என்று சொல்லமாட்டேன். நடுக்கடலில் ஓட்டை என்றால் சாவு. ஓட்டையைக் கண்டதும் அடைத்துப் பழகிய கை அது. அந்தக் கைதான் இருபது வருஷமாக எட்டுப் பேரைக் கரை சேர்த்திருக்கிறது. ஆனால் ரோடு கடல் இல்லை என்பதை ஒரு பொம்பளை சொல்லிக் கேட்க வேண்டுமா என்பதுதான் அவனுக்கு இருந்த ஒரே சிக்கல்.

என் தப்பும் இருக்கிறது. அவன் டீ குடிக்கப் போன நேரத்தில் அந்த ரெசின் காய்ந்துகூட இருக்காது. ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும். எடுக்கவில்லை. ஒன்பது நாள் எனக்காக மண்ணில் புரண்டவன், தெரிந்தால் வருத்தப்படுவானே என்று விட்டேன். உதவி செய்தவனிடம் உண்மையைச் சொல்ல வாய் கூசுகிறது. இந்தப் பாழாய்ப்போன கூச்சத்தை எந்தக் கடையில் பழுது பார்ப்பது என்று தெரியவில்லை.

பள்ளி திறந்தது. கியர் ஒரு விரலுக்கு விழுந்தது. ஊளை நின்றுபோனதில் பிள்ளைகளுக்குத்தான் ஏமாற்றம். மூன்றாவது வாரம் வண்டியில் எண்ணெய் தீய்கிற வாசனை வந்தது. அண்ணனிடம் சொன்னேன். தடைக்காலம் முடிந்து கடலுக்குப் போகிற அவசரத்தில் இருந்தான். "புது எண்ணெய் அப்பிடித்தான் நாறும், போ" என்றான். நானும் போனேன்.

இரண்டு நாள் கழித்து, காலையில், தவளக்குப்பத்திலிருந்து பதினோரு பிள்ளைகளோடு வந்துகொண்டிருந்தேன். அரியாங்குப்பம் பாலத்தின் இறக்கத்தில், கீழே ஒரு பஸ் நின்றது. பிரேக்கை மிதித்தேன். பெடல் இறுக்கமாகத்தான் இருந்தது, வண்டி நிற்கவில்லை. முன்சக்கரம் மட்டும் பிடித்து வண்டி ஒரு பக்கம் இழுத்தது. ஹேண்ட்பிரேக்கைத் தூக்கினேன். அதுவும் பின்சக்கரத்தைத்தானே பிடிக்கும், பின்னால் ஒன்றுமே இல்லை. மூன்றாவது கியருக்கு இறக்கி, இரண்டாவதுக்கு இறக்கி, எஞ்சின் அலற அலற வேகத்தைக் குறைத்து, இடது பக்கம் ஒடித்து இரும்புத் தடுப்பில் சாய்த்து நிறுத்தினேன். மத்துக்காம்பு வைத்து நான் நிமிர்த்திய கிளட்ச் அன்றைக்குப் பதினோரு பிள்ளைகளைக் காப்பாற்றியது. இதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

நாலாம் வகுப்புப் பெண் ஒன்று முன்சீட்டுக் கம்பியில் மோதி முன்பல் பாதி உடைந்துவிட்டது. அழக்கூட இல்லை அது. சீட்டுக்கடியில் தேடி அந்தப் பாதிப் பல்லை எடுத்து, "ஆன்ட்டி, இத அம்மாகிட்ட காட்டணும்" என்று கைக்குட்டையில் முடிந்துகொண்டது. எனக்குத்தான் அழுகை வந்தது. அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. "பொம்பள ஓட்டிச்சாண்டா" என்று ஒருவன் இன்னொருவனுக்கு விளக்கம் சொன்னான். விசாரணை அங்கேயே முடிந்தது.

வண்டியைக் கட்டி இழுத்து வாசலுக்குக் கொண்டுவந்தோம். போட்டு அன்றைக்குக் கரையில் இருந்ததால் அண்ணனும் இருந்தான். பின்சக்கரத்தைக் கழற்றி டிரம்மைத் திறந்தான். உள்ளே பிரேக் முழுக்க எண்ணெயில் குளித்திருந்தது. நான் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு அடியில் போய்ப் படுத்தேன். ரெசினைக் குத்திப் பெயர்த்தேன். புஸ்ஸென்று காற்று முகத்தில் அடித்தது. வெளியே போக வழியில்லாத காற்று, எண்ணெயை, அச்சு முனையில் அதைத் தடுத்து நிறுத்துகிற ரப்பர் சீலைத் தாண்டிச் சக்கரத்துக்குத் தள்ளியிருக்கிறது. அண்ணன் சக்கரத்தோரம் குந்தியிருந்தான். அந்தச் சத்தம் அவனுக்கு நன்றாகக் கேட்டது. என்னைப் பார்த்தான். நானும் பார்த்தேன்.

"துணி குடு" என்றான். கையைத் துடைத்துக்கொண்டான்.

சாயந்திரம் பெற்றோர்கள் வந்தார்கள், ஏழெட்டுப் பேர். ஓட்டிய என்னை விட்டுவிட்டு அண்ணனைப் பார்த்துத்தான் கேட்டார்கள், வண்டிக்கு என்ன ஆச்சு என்று.

"வண்டியில ஒண்ணும் இல்ல சார். நானே பாத்துப் பாத்துச் செஞ்சி குடுத்தேன். எறக்கத்துல கொஞ்சம் ஸ்பீடு. நான் சொல்லிக்கினுதான் இருப்பேன், கேக்க மாட்டா."

கண் சிமிட்டாமல் சொன்னான். என் கூடப் பிறந்தவன்.

"அண்ணே, அந்த ஓட்டையில ரெசினு..." என்று ஆரம்பித்தேன்.

"நீ பேசாதம்மா," என்றார் பல் உடைந்த பெண்ணின் அப்பா. "ஒங்கிட்ட புள்ளைய அனுப்பினது எங்க தப்பு."

அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் கையில் பாதிப் பல் இருந்தது. அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை, "அவ மேல தப்பு இல்ல சார்" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பாதிப் பிள்ளைகளாவது மிஞ்சியிருக்கும். அவனுக்கும் அது தெரியும். தெருவே மெச்சும் கைக்காரன் என்ற பேர் அவனுக்குத் தங்கையின் பிழைப்பைவிடக் கனமாக இருந்தது. அவ்வளவுதான் விஷயம்.

வாரக் கடைசிக்குள் பதினோரு பிள்ளைகளும் வேறு வேன்களுக்குப் போய்விட்டார்கள். வேனை ஒரு மீன் வியாபாரி வாங்கிப்போனார். ஓட்டைக்கு டியூப் மாட்டி, சீல் மாற்றி, நன்றாகத்தான் ஓடுகிறது. எனக்கு ஒரு பள்ளிப் பேருந்தில் வேலை கிடைத்தது. ஓட்டுகிற வேலை இல்லை. பிள்ளைகளைக் கைபிடித்து ஏற்றி இறக்குகிற ஆயா வேலை. டிரைவர் இறக்கத்தில் கியரை மாற்றாமல் பிரேக்கிலேயே இறங்கும்போதெல்லாம் என் இடது கை தானாக அசையும். மடியில் வைத்து அழுத்திக்கொள்வேன்.

அந்த வேலைக்குக் கோடை லீவில் சம்பளம் கிடையாது. இந்த வருஷத் தடைக்காலத்தில் ஒரு நாள் கடைக்குப் போய்விட்டு வந்துகொண்டிருந்தேன். மூன்றாவது வீட்டு வாசலில் ஒரு வேன் கட்டைமேல் நின்றது. அடியிலிருந்து அண்ணன் கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. சுற்றிலும் அதே தெரு, அதே வேடிக்கை. உள்ளேயிருந்து அவன் குரல் வந்தது.

"இந்த ஓட்டைய மட்டும் அடைச்சிடாத. இது மூச்சு வுட்ற ஓட்டை. அடைச்சா எண்ணெ பிரேக்குல எறங்கிடும். புள்ளகுட்டிங்க போற வண்டி."

"பரவால்லியே, ஒனக்குத் தெரியாததே இல்ல" என்றார் வண்டிக்காரர்.

நின்றுவிட்டேன்.

"ஆரு சொன்னாங்க அண்ணே ஒனக்கு?"

ஆடிக்கொண்டிருந்த கால் நின்றது.

"ஒரு மெக்கானிக் சொன்னாரு," என்றான். பிறகு கை மட்டும் வெளியே வந்தது. "அந்தப் பதினாலு ஸ்பேனர எடும்மே."

எடுத்துக் கொடுத்தேன். அன்றைக்கும் அவன் வீட்டில்தான் எனக்குச் சோறு.