மேளத்தைப் புடி என்றார் பெரியப்பா

எங்கள் குடும்பத்துக்குக் கைப்பேசியில் ஒரு புலனக் குழு, அதாவது வாட்ஸ்அப் குழு, இருக்கிறது. அதில் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஓர் இசைக் காணொளியைப் பகிர்வது என் வேலை. யாரும் கொடுத்த வேலை இல்லை, நானே எடுத்துக்கொண்டது. கூலிமில் ஒரு தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். எதையும் விதி வைத்துத்தான் எனக்குத் தேர்ந்தெடுக்க வரும். நேரில் வாசித்ததாக இருக்க வேண்டும். நடுவில் வெட்டியிருக்கக் கூடாது. வாசிப்பவரின் கை தெரிய வேண்டும். கேட்பவர்களில் ஒருவராவது தன்னை மறந்து தலையாட்டியிருந்தால் உடனே தேர்ச்சி.

அப்படித் தேறியவர்களில் பெண்கள் நிறைய. சென்னை மேடையில் தவில் வாசித்த ஒரு பெண். ஜப்பானில் ஆளுயர முரசை வியர்க்க வியர்க்க அடித்த பெண்கள். எது வந்தாலும் பெரியப்பாதான் முதலில் பதில் போடுவார், கூப்பிய கைகளை வரிசையாக அடுக்கி. தவில் பெண்ணுக்குக் குரல் பதிவே அனுப்பினார். "சரஸ்வதியே எறங்கி வந்து உக்காந்த மாதிரி இருக்கும்மா. பொம்பளப் புள்ளைங்கள இப்படித்தான் வளக்கணும்." அதை நான் அழிக்கவில்லை.

பெரியப்பா, பாடாங் மேஹா பக்கம் இருக்கும் எங்கள் பழைய ரப்பர்த் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குத் தலைவர்.

என் அக்காவும் தொழிற்சாலையில்தான் வேலை செய்கிறாள். வேலை இல்லாத நாள்களில் பக்கத்து ஊர் கரங்கானில் பெண்கள் சேர்ந்து நடத்தும் உறுமி மேளக் குழுவுக்குப் போய்விடுவாள். இங்கே உறுமி இல்லாமல் காவடி நகராது. ஒரு பக்கம் தட்டி, மறு பக்கத்தை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது அந்தத் தோல் முனகும். அந்த முனகலுக்குத்தான் சாமி இறங்கும். அக்கா உறுமியும் அடிப்பாள், பாட்டும் கட்டுவாள். எங்கள் தோட்டத்து அம்மனுக்கே ஒரு பாட்டு கட்டியிருந்தாள். கித்தா என்கிற ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நட்ட பிறகும், ரப்பர்ப் பால் சேர்த்த ஸ்டோரை இடித்த பிறகும், வேப்பமரத்தடியை விட்டு நகர மாட்டேன் என்று உட்கார்ந்திருப்பவளைப் பற்றிய பாட்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தேடிக்கொண்டிருந்தபோது அந்தப் பாட்டே கிடைத்தது. கரங்கான் திருவிழாவில் யாரோ எடுத்து ஏற்றியிருந்தார்கள். நடுவில் அக்கா, மஞ்சள் உடையில், இடுப்பில் உறுமியோடு. ஓரிடத்தில் சாம்பிராணிப் புகை தொண்டையில் அடைத்து இருமுகிறாள். வரி நின்றுபோகிறது, மேளம் மட்டும் ஒரு சுற்று சுற்றி வருகிறது, விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொள்கிறாள். என் எல்லா விதிகளிலும் தேறிய காணொளி.

"போடவா?" என்று அக்காவிடம் கேட்டேன்.

"போடு. பெரியப்பா கேக்கட்டும். இந்த வருஷம் நம்ம கோயில்ல நாங்கதான் அடிக்கணும்."

போட்டேன். கூப்பிய கைகள் வரவில்லை. சாயங்காலம் பெரியப்பா அம்மாவைக் கைப்பேசியில் கூப்பிட்டார். அம்மா ஒலிபெருக்கியைத் தட்டிவிட்டு மேசையில் வைத்தார்.

"நல்லாத்தாம்மா பாடுது. அதுக்காக நம்ம வீட்டுப் புள்ள, நடு ஜாலான்ல, ரோட்டுல, ஆம்பளைங்க ஆடுற எடத்துல உறுமியக் கட்டிக்கிட்டு நிக்கிறதா? நாளைக்கு மாப்பிள்ள வீட்டுல பாப்பாங்க லா."

"கரங்கான்ல இருக்கிறது மட்டும் ஜாலான் இல்லையா பெரியப்பா?" என்றாள் அக்கா.

"கரங்கான் எனக்குத் தெரியாது. நம்ம கோயிலுக்கு நான் ஆள் பேசிட்டேன்."

"கோயிலுக்கு உள்ள உக்காந்திருக்கிறது ஆம்பளையா?"

"வாயப் பாரு," என்றார் அம்மாவிடம். அம்மா ஒலிபெருக்கியை அணைத்துவிட்டுக் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டார். அம்மா மேலும் எனக்குக் கோபம்தான்.

நான் ஒரு வார்த்தையும் எழுதாமல் அவருடைய பழைய குரல் பதிவையே குழுவில் திரும்பப் போட்டேன். பொம்பளப் புள்ளைங்கள இப்படித்தான் வளக்கணும். சற்று நேரத்தில் குழுவின் அமைப்பு மாறிவிட்டது. இனி அவர் மட்டும்தான் அதில் எழுதலாம். சித்தப்பா மகன் எனக்குத் தனியாக ஒரு சிரிப்பு முகம் அனுப்பினான். குழு திறந்திருந்தபோது அதை அனுப்பியிருக்கலாம்.

எங்கள் கோயில் திருவிழாவை நேரலையில் காட்டுவது வருடா வருடம் என் பொறுப்பு. இந்த வருடம் போகமாட்டேன் என்றேன். "அம்மன் ஒன்ன என்னா பண்ணா? போ," என்றாள் அக்கா. போனேன். கைப்பேசி, அதை நிறுத்த ஒரு முக்காலி, ஒலிக்கலவைக் கருவியிலிருந்து ஒரு கம்பி. எல்லாம் சரியாக வேலை செய்தன.

பெரியப்பா பேசியிருந்தது சுங்கைப்பட்டாணிப் பையன்களை. நன்றாக வாசித்தார்கள், அவர்கள்மேல் எனக்கு ஒன்றுமில்லை. கரகம் சாலையில் இறங்கியதும் அவர்கள் எடுத்தது அக்காவின் பாட்டு. எந்தக் கோயிலுக்குப் போனாலும் அந்த அம்மனுக்குப் பாட்டு உண்டா என்று காணொளியில் தேடிக் கற்றுக்கொண்டுதான் மேளக்காரர்கள் போவார்கள். இவர்களும் அப்படித்தான் கற்றிருந்தார்கள். வரிக்கு வரி. அக்கா இருமிய இடத்தில் இவர்களும் வரியை நிறுத்தினார்கள், மேளத்தை ஒரு சுற்று விட்டார்கள், பிறகு பிடித்தார்கள். அதுவும் பாட்டின் பகுதி என்றே நினைத்திருக்கிறார்கள். சரியாக அந்தச் சுற்றில்தான் இரண்டு பெண்களுக்கு அருள் வந்தது. பெரியப்பா தலைக்குமேல் கைகூப்பி நின்றார். கண் கலங்கியிருந்தது.

அக்கா பெண்கள் கூட்டத்தில் தேங்காய்த் தட்டோடு நின்றாள். உதடு மட்டும் பாடிக்கொண்டிருந்தது.

நான் முக்காலியைத் திருப்பினேன்.

பெரியப்பா அருகில் வந்தார். "யாரப் புடிக்கிற? மேளத்தப் புடிம்மா."

"பாட்டு கட்டுனவங்களப் புடிக்கிறேன் பெரியப்பா."

திரையைப் பார்த்தார். சத்தம் மேளத்துடையது, முகம் அக்காவுடையது. கம்பியைப் பிடுங்கவும் முடியாது. வெளியூர்ச் சொந்தமெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரகத்தின் பின்னால் போய்விட்டார். பாட்டு முடியும்வரை நான் முக்காலியைத் தொடவில்லை.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், என் மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்திருந்த அக்கா சொன்னாள். "சொல்லிட்டுத் திருப்பியிருக்கலாம் லா. முடியெல்லாம் கலஞ்சி கெடந்துச்சி." கொஞ்ச தூரம் போனதும் முதுகில் அவள் குலுங்குவது தெரிந்தது. "என் இருமலயும் சேத்து அடிக்கிறானுங்க பாரேன்." அவளால் சிரிக்க முடிந்தது. என்னால் முடியவில்லை.

மறுநாள் காலை பெரியப்பா அந்த நேரலையின் இணைப்பைக் குழுவில் போட்டார். இந்த வருடம் பாட்டு பிரமாதம் என்று எழுதி, கூப்பிய கைகளை வரிசையாக அடுக்கியிருந்தார். யாருடைய பாட்டு என்று எழுதவில்லை. எங்களில் யாரும் அதற்குப் பதில் எழுத முடியாது.

நான் குழுவை விட்டு வெளியேறினேன். அக்கா இன்னும் அதில்தான் இருக்கிறாள். அடுத்த வருடத் திருவிழாத் தேதி அங்கேதான் முதலில் வருமாம். வந்த அன்றே, பெரியப்பா வேறு ஆள் பேசுவதற்கு முன், அவர் வீட்டுக்குப் போய் மேளத்தைக் கேட்க வேண்டுமாம்.