டானாவுக்காக ஜெபித்தோம்

சீசன் நேரத்தில் தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் டவுன் பஸ்ஸில் உட்கார இடம் கிடைப்பது பெரிய காரியம். போன வாரம் எனக்குக் கிடைத்தது. பக்கத்தில் இரண்டு பைகளோடு தடுமாறி நின்ற பெண், "இவளக் கொஞ்சம் வச்சிக்கிடுங்கக்கா" என்று இடுப்பில் இருந்த பிள்ளையைத் தூக்கி என் மடியில் உட்கார்த்திவிட்டாள். நான் யார், எந்த ஊர், ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளையும் அழவில்லை. என் வளையலைக் கடித்துப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது. நான்தான் திருடியைப் போல, யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்தேன். மேலகரத்தில் "வாரேன்க்கா" என்று பிள்ளையை வாங்கிக்கொண்டு அவள் இறங்கிப் போனாள். இதில் எழுத என்ன இருக்கிறது என்று ஊரில் இருக்கும் நீங்கள் கேட்பீர்கள். நாங்கள் குடியிருக்கும் இங்கிலாந்தில் ஒரு பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள நானும் என் கணவர் சாமுவேலும் போலீஸ் விசாரணை, மருத்துவச் சான்று, வகுப்புகள், எங்கள் வீட்டு மருந்து அலமாரிக்குப் பூட்டு உண்டா என்ற சோதனை என்று ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்தோம்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. அங்கே பெற்றவர்களால் பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளைகளைக் கொஞ்ச காலம் வேறு வீடுகளில் வைத்து வளர்ப்பார்கள். ஃபாஸ்டர் கேர் என்று பெயர். தத்து இல்லை. பெற்றவர் தேறிவிட்டால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பதிலுக்கு எதையும் எதிர்பாராத அன்பைப் பற்றி ஞாயிறுதோறும் பிரசங்கம் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். கேட்பதில் ஒரு கஷ்டமும் இல்லை, மின்விசிறிக்குக் கீழே இடம் பிடித்தால் தூக்கம்கூட வரும். சாமுவேல்தான் ஒருநாள், "கேட்டது போதும்ட்டி, ஒரு பிள்ளைக்குச் சோறு போட்டுப் பாப்போம்" என்றார். அப்படி வந்தவள்தான் எல்லி. ஐந்து வயது. அவள் அம்மா டானாவால் குடியை விட முடியவில்லை.

அம்மா உயிரோடு இருக்கும்போது இன்னொருத்தியை அந்தப் பெயரால் கூப்பிடுவது சரியில்லை என்று எனக்கே பட்டது. சித்தி என்று கூப்பிடச் சொல்லிக்கொடுத்தேன். எல்லியின் வாயில் அது 'சிட்டி' ஆனது. என்னைவிட எவ்வளவோ இளையவளான டானாவை அவளுக்குத் தெரியாமலே எனக்கு அக்காவாக்கிவிட்டேன். மாதம் ஒருமுறை வீட்டுக்கு வரும் அதிகாரிப் பெண்ணிடம், "இவள் எங்கள் சொந்த மகள் மாதிரி" என்று பெருமையாகச் சொன்னேன். நம் ஊரில் அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டு, "இதைப் பற்றி நீங்கள் யாரிடமாவது பேச விரும்புகிறீர்களா?" என்று கேட்டார். "தினமும் என் அம்மாவிடம் பேசுகிறேனே" என்றேன். என்னை மனநல ஆலோசகரிடம் அனுப்பப் பார்த்திருக்கிறார் என்பது பிறகுதான் புரிந்தது. பிள்ளையைப் பிள்ளை மாதிரி பார்ப்பதற்கும் வைத்தியம் வைத்திருக்கிற ஊர்.

எங்கள் வீட்டில் சாயங்காலம் குடும்ப ஜெபம் உண்டு. ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி ஜெபிப்போம். டானா அனுமதித்திருந்ததால் எல்லியும் எங்களோடு உட்காருவாள். முதல் வாரமே சாமுவேலின் சட்டையைப் பிடித்து இழுத்து, "மம்மி பெயரைச் சொல்லவில்லையே" என்றாள். அன்றிலிருந்து டானாவின் பெயர்தான் முதலில். டானா குணமாக வேண்டும், குடியை விட வேண்டும், வேலை கிடைக்க வேண்டும். எல்லி 'ஆமென்' சொல்லும் சத்தத்துக்குப் பக்கத்து வீட்டு நாய் குரைக்கும்.

தென்காசியில் என் அம்மாவும் அதே எல்லிக்காகத்தான் ஜெபித்தாள். போனில் என்னைக் கேட்கச் சொல்லிவிட்டு, "இந்தப் பிள்ள எங்க பிள்ளயாவே ஆயிரணும் ஆண்டவரே" என்பாள். நான் மறுத்தால் கோபம் வரும். "பெத்தவ குடிச்சிக்கிட்டுத் திரியுதா. ராத்திரியும் பகலுமா நீ பாக்க. கர்த்தருக்குக் கண்ணு இல்லையாட்டி?" ஒரே குடும்பத்திலிருந்து ஒரே ஆண்டவருக்கு இரண்டு மனு போய்க்கொண்டிருந்தது. என் வாய் எல்லியோடு ஜெபித்தது. மனசு அம்மாவோடு ஜெபித்தது.

கேட்கப்பட்டது எல்லியின் ஜெபம். டானா குடியை விட்டாள். விட்டதில் நின்றாள். முகத்தில் ரத்தம் ஏறியது, கை நடுக்கம் நின்றது. கடைசி மாதங்களில் பூங்காவில் நாங்கள் மூவரும் சந்திப்போம். ஒருநாள் எல்லி சறுக்கிலிருந்து விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டாள். அழுதுகொண்டே எழுந்தவள் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு என்னிடம் ஓடி வந்தாள். டானா என் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். அவளும் கையை நீட்டியிருந்தாள். நான் தூக்கவில்லை. எல்லியின் தோளைப் பிடித்துத் திருப்பி, "மம்மி இங்கே இருக்காங்க பார்" என்று டானாவிடம் தள்ளிவிட்டேன். திரும்பும்போது பிள்ளை என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அது என்னைக் கொன்றுவிட்டது. அன்பு என்றால் கட்டி அணைப்பது என்று நினைத்திருந்தேன். அன்று என் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். டானாவின் தோளில் அழுகை ஓயும்வரை அப்படியே நின்றேன்.

எல்லி டானாவிடம் திரும்பிப் போய்விட்டாள். புது வீட்டில் பழகட்டும், கொஞ்ச காலம் பார்க்க வேண்டாம் என்றார்கள். ஜெபம் கேட்கப்படவில்லை என்று அழுகிறவர்களைச் சபையில் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு ஆறுதல் சொல்ல ஆளுண்டு. கேட்கப்பட்டதற்காக அழுகிறவளுக்கு யார் என்ன சொல்ல முடியும்? வெளிநாட்டில் தனியாக இருக்கிறவர்களுக்குத் தெரியும், அந்த மாதிரி நேரத்தில் டிக்கெட் போடுவதைத் தவிர வேறு ஒன்றும் தோன்றாது. லீவு எடுத்து ஊருக்கு வந்தோம். ஐந்தருவியில் சாமுவேல் வெகுநேரம் தலையைக் கொடுத்து நின்றார். வெளியே வந்தபோது கண் கோவைப்பழமாக இருந்தது. "எண்ணெய் கண்ணுல பட்டுட்டு" என்றார். அவர் எண்ணெய் தேய்க்கவே இல்லை.

நேற்றுச் சாயங்காலம் ஜெபத்தில் அம்மா, "எல்லிய எம்மவ கையில திரும்பக் கொண்டாந்து சேரும் ஆண்டவரே" என்று ஆரம்பித்தாள்.

"அப்படிக் கேக்காதீங்கம்மா" என்றேன். "அவ நம்மட்ட வரணும்னா, பெத்தவ மறுபடியும் குடிக்கணும்லா."

அம்மா கண்ணைத் திறந்தாள். "நா அப்படி நெனச்சிக் கேக்கலட்டி."

"தெரியும்மா."

வெளியே சாரல் அடித்துக்கொண்டிருந்தது. அம்மா முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு மறுபடி கண்ணை மூடினாள். "டானாவத் தாங்கிக்கிடும் ஆண்டவரே. அந்தப் பிள்ள திரும்ப விழுந்துரக் கூடாது" என்றாள். அதுவரை அம்மா வாயில் டானாவின் பெயர் வந்ததே இல்லை.

பிள்ளையை ஒப்படைத்த அன்று விடைபெறும்போது அந்த அதிகாரிப் பெண், எல்லி மறுபடியும் வேறு வீட்டுக்குப் போக வேண்டிய நிலைமை வந்தால் முதல் அழைப்பு எங்களுக்குத்தான் என்று சொல்லியிருந்தார். அதனால் என் போனில் ஊர் சிம்மோடு இங்கிலாந்து சிம்மும் கிடக்கிறது. அந்த அழைப்பு வரவே கூடாது என்றுதான் ஜெபிக்கிறேன், முழு மனசோடுதான் ஜெபிக்கிறேன். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்ததும், போனில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்க்கிறேன்.