வெறுந்தகட்டில் ஆறு விரல்

பேய், குறி எதையும் நான் நம்பியதில்லை. எதற்கெடுத்தாலும் பயப்படுவேன், அது வேறு. நீங்கள் சிரித்தாலும் சரி, இது நடந்தது.

அறுபதுகளில் அஸ்தம்பட்டியில் ஒரு பூச்சி ஆராய்ச்சிக்கூடத்தில் கண்ணாடிச் சாமான் கழுவும் வேலை எனக்கு, எட்டாவதோடு நின்றவனுக்கு அதுவே பெரிது. கடலைக்காட்டுக் கம்பளிப்பூச்சியை அரைத்து, அதன் உடம்பில் இருக்கும் துளிக் கொழுப்பை ஆபீசர் அளப்பார். வெள்ளைப் பொடி பூசிய கண்ணாடித் தகட்டில் சாற்றைப் பொட்டு வைத்து, அடியிலிருந்து மருந்தை ஊறி ஏறவிட்டு, அயோடின் ஜாடிக்குள் நிறுத்தினால் கொழுப்புள்ள இடமெல்லாம் பழுப்பாகும். கைபட்ட பிசுக்கும் அப்படியே தெரியும். அதனால் சாறு வைக்காத வெறுந்தகடு ஒன்றையும் கூடவே போடுவோம், அது வெள்ளையாக வந்தால்தான் என் கழுவல் சுத்தம். இதற்குப் பயந்தே தலைக்கு எண்ணெய் வைப்பதை விட்டிருந்தேன்.

இது நடந்த அன்று என் மனைவி மேரி புதுச்சத்திரத்தில் தாய்வீட்டில் வலியெடுத்துக் கிடந்தாள். தலைப்பிள்ளை. கால் கீழே இருக்கிறது, திரும்பாவிட்டால் இரண்டு உயிருக்கும் ஆபத்து என்று நர்ஸம்மா சொன்னதாகக் காலையிலேயே ஆள் வந்தது. "இங்க வந்து கையைப் பெசையறதுக்கு அங்கயே பெசைங்க" என்று மாமியார் கூடவே சொல்லியனுப்பியிருந்தார்.

மத்தியானம் வெறுந்தகட்டை எடுத்தால், எலுமிச்சம்பழ அளவில் ஒரு பழுப்புக் கை.

"எவன் கைய்யா இது?" ஆபீசர் கத்தினார்.

"நான் தொடலீங்க, சத்தியமாத் தொடலீங்க!"

என் கையை இழுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தகட்டிலிருந்த கையின் விரல்களை எண்ணினார், சிரித்துவிட்டார். "ஆறுய்யா! அரைச்ச பூச்சி பழிவாங்க நடந்திருக்கு, அதுக்குத்தான் ஆறு கால்."

பொடி துளியும் கலையவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தடம் மங்கிப் போனது, அயோடின் கறை அப்படித்தான்.

மறுநாள் முதல் பஸ்ஸில் மச்சினன் வந்து வாசலிலேயே கூவினான். "மாமா, பையன் பொறந்துட்டான்! தாயும் புள்ளையும் நல்லாருக்காங்க! எடது கையில வெரலு ஆறுங்க!"

ஆபீசர் என்னைக் கட்டிக்கொண்டார். லட்டு வந்தது, ஒரே கும்மாளம். "எப்பப்பா பொறந்தான்?" என்று கேட்டார்.

"நேத்து வெளக்கு வெச்சதுக்கு அப்பறமுங்க."

லட்டு அவர் வாய்க்குப் பக்கத்திலேயே நின்றது.

புதுச்சத்திரத்துக்கு ஓடினேன். மேரி களைப்போடு சிரித்தாள். "அப்பனாட்டம் பயந்தாங்கொள்ளி இல்லீங்க இவன். மத்தியானம் உள்ளயிருந்து கையை ஊனி ஒரே உந்து உந்துனான், அதுக்கப்பறந்தான் தலை திரும்புச்சு."

ஆறு விரலுக்கும் முத்தம் கொடுத்தேன், அழுகையும் சிரிப்புமாக.

அவன் இன்று லாரி ஓட்டுகிறான், தங்கமான பிள்ளை. முன்கண்ணாடியில் அவன் இடது கை பதிந்த இடத்தை மட்டும், யாரும் பார்ப்பதற்குள் நானே துடைத்துவிடுகிறேன்.