தம்பிமேல் ஊற்றிய தண்ணீர்

காய்ச்சலில் பேரனுக்குப் பல் தந்தியடித்தது. டாக்டரான என் மகள் பதறவில்லை. "இந்தச் சூடு நல்லதுதாம்ப்பா. சூட்டுலதான் ரத்தத்துல உள்ள வெள்ளணுக்கள் வேகமா ஓடிக் கிருமியைப் பிடிக்கும். சூட்டை ஏத்தத்தான் உடம்பு நடுங்குது" என்றாள்.

அந்தப் பல் சத்தம் என்னை நாற்பதுகளின் தூத்துக்குடிக்கு, கருவாட்டு வாடை வீசும் எங்கள் வீட்டுக்கு இழுத்துப்போனது. எனக்கு எட்டு வயது. தம்பிக்குக் காய்ச்சல் என்பதால் குலசேகரன்பட்டினம் தசராவுக்குப் போகவேண்டாம் என்றார் அப்பா. சூட்டை இறக்கிவிட்டால் போகலாமே என்று நினைத்தேன். புருஷனை இழந்து எங்களோடு இருந்த அத்தைதான் அவனைக் கவனித்துவந்தாள். அவள் அடுப்படிக்குப் போன நேரம் பார்த்து, ஒரு குடம் கிணற்றுத் தண்ணீரை அவன் தலையில் கவிழ்த்தேன். அவனுக்குப் பல் தந்தியடித்து உடம்பு தூக்கிப்போட்டது, கண் செருகியது.

அத்தையும் அப்பாவும் ஓடிவந்தார்கள். அப்பா அத்தையைப் பார்த்துக் கத்தினார். "ஏளா, காய்ச்சக்காரப் பிள்ளையவா குளிப்பாட்டுன?"

அத்தை என்னைப் பார்த்தாள். என் சட்டை நனைந்திருந்தது.

"ஆமாண்ணே, நாந்தான்" என்றாள்.

மறுநாளே அவளைச் சாத்தான்குளத்துக்கு, அவள் புருஷன் வீட்டுக்கே அனுப்பிவிட்டார். தம்பி நான்கு நாளில் எழுந்துவிட்டான். நான் வாயே திறக்கவில்லை. அத்தை சாகும்வரை எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை.

"என்னப்பா, முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்று மகள் கேட்டாள்.

சொல்லிவிடத்தான் நினைத்தேன். "ஒண்ணுமில்லம்மா" என்றுதான் வாயில் வந்தது.