அம்மாக்கண்ணுவின் வாடகை வீடு

1978 ஏப்ரலில் மலேசியாவில், கேமரன் மலையின் நிலப்பிரபுக்கள் வரிசையில் ஓர் ஆள் கூடினார். பெயர் அம்மாக்கண்ணு. தொழில், கொழுந்து பறிப்பது. உயரம், தேயிலைச் செடியைவிட இரண்டு சாண் அதிகம். பத்திரத்தில் ரேகை வைத்த மறுநாள் காலையிலும் அவர் கூடையை மாட்டிக்கொண்டு மழையில் மலையேறினார்.

"என்னா தவுக்கேயம்மா, மொதலாளிக்குக் கார் வரலியா?" என்று பக்கத்து நிரையிலிருந்து பவளம் கேட்டாள்.

"டிரைவருக்குக் காய்ச்சல்லா. நீ உன் செடியப் பாரு."

சிரிப்பு அடங்கியதும் எல்லாரும் அவரைப் பொறாமையோடு பார்த்தார்கள். பொறாமைக்குக் காரணம் இருந்தது. ஐம்பத்தைந்து வயதானால் தோட்டத்தில் வேலை முடிந்துவிடும். வேலை முடிந்தால் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டையும் காலி செய்ய வேண்டும். பிள்ளை தோட்டத்தில் வேலை பார்த்தால் அவன் பேரில் ஒட்டிக்கொள்ளலாம். அம்மாக்கண்ணுவுக்குப் பிள்ளை இல்லை, புருஷன் கந்தனும் போய்ச் சேர்ந்து இரண்டு வருடம். இன்னும் ஆறரை வருடத்தில் அவர் எங்கே படுப்பது என்பதே கேள்வி.

விடை தானா ராத்தா டவுனில் இருந்தது. திரிங்காப்பிலிருந்து காய்கறி லாரி ஓட்டும் முனியாண்டிக்குச் சொந்தமான வீடு, விலை பன்னிரண்டாயிரம் வெள்ளி. கந்தனின் சேமநிதியும் தாலிச்சங்கிலியும் சேர்ந்து ஐயாயிரம் ஆயின. பாக்கிக்கு மாதம் தொண்ணூறு. வீட்டை எழுபதுக்கு வாடகைக்கு விட்டு, சம்பளத்தில் இருபது போட்டால் சரியாக வந்துவிடும். கடைசித் தவணை கட்டியதும் கிராண்டை, அதாவது பட்டாவை, அம்மாக்கண்ணு பேருக்கு மாற்றித் தருவதாக ஒப்பந்தம். அந்த மாதமே அவருக்கு வேலையும் முடியும். எந்த நிதியமைச்சரும் இத்தனை கச்சிதமாகத் திட்டம் போட்டதில்லை.

விசாரிக்காமல் வாங்கினார் என்று யாரும் சொல்ல முடியாது. திரிங்காப்பில் மளிகைக்கடை, கள்ளுக்கடை, அடகுக்கடை மூன்றிலும் போய்க் கேட்டார். முனியாண்டிக்கு எங்கும் பாக்கி இல்லை. கள்ளுக்கடையில்கூட இல்லை என்றதும் அம்மாக்கண்ணு அவனை மகானாகவே எண்ணிவிட்டார். தோட்டத்தில் கடன் என்பது ஆளின் தலையில் உட்காரும் சாமான். ஆள் வேறு தோட்டத்துக்கு ஓடினால் கடனும் பின்னாலேயே ஓடும். அவன் இருந்த லயத்து அறைக்கு அடுத்து வருகிறவனிடம் யாரும் சுவருக்குப் பாக்கி கேட்டதில்லை. ஆகவே ஆளை எடை போட்டார். வீட்டையும் எடை போட்டுப் பார்க்க ஓர் ஆபீஸ் உண்டென்று லயத்தில் யாருக்கும் தெரியாது.

குடி வந்தவர் அரசாங்க ஆஸ்பத்திரி டிரஸர் ராதாகிருஷ்ணன், மனைவி சாரதா. ஐந்தரை வருடம் ஒன்றாம் தேதி தவறாமல் எழுபது வெள்ளி வந்தது. அம்மாக்கண்ணு அறுபத்தெட்டுத் தவணை கட்டினார். இன்னும் பத்துதான்.

1983 டிசம்பரில் ராதாகிருஷ்ணன் பஸ் ஏறித் தோட்டத்துக்கே வந்தார். கையில் வீட்டுக் கதவிலிருந்து கிழித்த தாள். அதில் கொட்டை எழுத்தில் 'லேலோங்'. மலாயில் ஏலத்துக்கு அந்தச் சொல்தான் என்பது அம்மாக்கண்ணுவுக்கும் தெரியும்.

"அம்மா, வீட்டு மேல பேங்குக் கடன் இருக்கு."

"நான் எந்தப் பேங்குக்கும் போனதில்லியே தம்பி."

"நீங்க வாங்கல. வீட்டு மேல வாங்கியிருக்காங்க. நீங்க வாங்குறதுக்கு முன்னாலயே."

"வீடு கடன் வாங்குமா? அதுக்கு யாரு சோறு போடாம விட்டா?"

முனியாண்டி லாரி வாங்கியபோது கிராண்டைப் பேங்கில் அடகு வைத்திருந்தான். அம்மாக்கண்ணுவின் தொண்ணூறையும் லாரி ஓடிய காசையும் சேர்த்து ஒழுங்காகத்தான் கட்டி வந்தான். கோஸ் விலை விழுந்தது. லாரி நின்றது. அம்மாக்கண்ணுவின் தொண்ணூறு மட்டும் பேங்குத் தவணைக்குப் பற்றவில்லை. அறுபத்தெட்டாவது தொண்ணூறையும் பேங்கில் கட்டிவிட்டு அவன் ஜொகூர்ப் பக்கம் போய்விட்டான். ஏமாற்றுக்காரனாக இருந்தாலாவது வாய் நிறையத் திட்டலாம். அந்த வசதியும் அவருக்கு வாய்க்கவில்லை.

பேங்கு அதிகாரி மரியாதையாக நாற்காலி போட்டார். அம்மாக்கண்ணு மீதிப் பத்துத் தவணைப் பணத்தையும் முடிச்சிலிருந்து அவிழ்த்து மேசையில் வைத்தார். அதிகாரி கோப்பை முன்னும் பின்னும் புரட்டினார்.

"இதில உங்க பேரே இல்லம்மா. கடன் பாக்கி ஒன்பதாயிரம். அது முழுசும் வந்தாத்தான் ஏலம் நிக்கும்."

நில ஆபீஸ் குமாஸ்தா இன்னும் அன்பானவர். வாங்கிய அன்றே கிராண்டைத் தேடிப் பார்த்திருந்தால் பேங்கின் பேர் தெரிந்திருக்கும் என்றார். கொஞ்சம் பணம் கட்டித் தன் பேரில் ஒரு தடையாவது எழுதி வைத்திருக்கலாம், அதன்பின் முனியாண்டி வீட்டின்மேல் வேறெதுவும் செய்திருக்க முடியாது என்றும் சொன்னார். பூசணிக்காய் உடைத்தது, எலுமிச்சையும் மிளகாயும் கட்டியது, கண்திருஷ்டிப் பொம்மை மாட்டியது ஆகியவை அந்த ஆபீஸில் பதிவாகவில்லை.

ஏலத்துக்கு முந்தின வாரம் ராதாகிருஷ்ணன் மறுபடி வந்தார். குடையை மடக்கினார், விரித்தார், மறுபடி மடக்கினார்.

"கவர்மெண்டுல எனக்கு வீட்டுக்கடன் தருவாங்கம்மா. வேற எவனாவது எடுத்தா எங்களையும் தூக்கி வெளிய போட்டுருவான்... நான் எடுக்கட்டுமா? நீங்க வேணாம்னா எடுக்கல."

அம்மாக்கண்ணு வெற்றிலையை மென்று முடித்தார்.

"என்னைக் கேட்டா? என் பேருதான் எங்கயும் இல்லியே தம்பி. எடு. மொதல்ல பட்டாவப் பாத்துட்டு எடு."

அடுத்த அக்டோபரில் லயத்துச் சாவியைத் தோட்டத்து ஆபீஸ் கிராணியிடம் கொடுத்துவிட்டு, ஒரு டிரங்குப் பெட்டியோடு தானா ராத்தாவில் இறங்கினார். இப்போது ராதாகிருஷ்ணன் பேரில் இருந்த வீட்டில் சாரதா பின்னறையைக் கழுவி வைத்திருந்தாள்.

"வாடகை எவ்வளவு?"

"அய்யோ, உங்ககிட்ட வாடகையா?" என்றார் ராதாகிருஷ்ணன்.

"வாங்கலன்னா நான் இங்க யாரு? விருந்தாளியா? விருந்தாளி எத்தன நாளைக்கு இருப்பா?"

இருபத்தைந்து வெள்ளி என்று முடிவாயிற்று.

நவம்பர் மழையில் பின்னறைக் கூரை ஒழுகியது. அம்மாக்கண்ணு பாயைச் சுருட்டி வைத்துவிட்டு, வெளியே இறங்கி, முன்வாசலுக்கு வந்து கதவைத் தட்டினார்.

"வீட்டுக்காரம்மா, ரூம்புல ஒழுகுது. ஆள் வச்சு அடைச்சுக் குடுங்க."

"அப்படிக் கூப்பிடாதீங்கம்மா" என்று சாரதா அழுதுவிட்டாள்.

"அழுதா ஒழுகுறது நிக்குமா? மாசம் பொறந்தா வாடகை தர்றேன்ல."

நனையாமல் உள்வழியாகவே போங்கள் என்று சாரதா நடுக்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மாக்கண்ணு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, மழையில் வீட்டைச் சுற்றியே போனார்.