அக்காவின் கற்கள் மேல் நடந்து வந்தவர்களுக்கு

அக்காவின் முதலாண்டுத் திதிக்கு வந்து இந்த மலரை வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். இது போன்ற மலரில் நல்லதை மட்டும் எழுதுவதுதான் வழக்கம் என்று அச்சகத்தில் சொன்னார்கள். நல்லதையும் எழுதியிருக்கிறேன். எட்டாவதோடு பள்ளியை விட்டவன் நான். வாக்கியம் எங்கேயாவது கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சொல்லியிருப்பதில் பொய் இல்லை.

அக்கா பிறந்தது காரைக்கால்மேட்டில். அப்பா படகுக்காரர், அம்மா மீன் விற்றார். அப்பா விடியலில் வாசலில் நின்று காற்றைப் பார்த்துவிட்டுத்தான் கடலுக்குப் போவார். அக்கா சிறு வயதிலேயே அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டு கேள்வி கேட்பார்.

"ஒங்க தாத்தா காலத்துல மழை எப்படிப்பா?"

"இதைவிடக் கூடன்னு சொல்லுவாங்க."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு அவுங்களைத்தாம்மா கேக்கணும். போய்ச் சேந்துட்டாங்களே."

அக்கா நிலவியல் படிக்கப் போனது இந்தப் பதில் போதாமல்தான் என்று நினைக்கிறேன். மீன் கூடை சுமந்தே அம்மா அவரைப் படிக்க வைத்தார். அப்போது எங்கள் சின்ன மாமா சொன்னது ஊருக்கே தெரியும். "கல்லைப் படிக்க ஒரு காலேஜா? மீனைப் படிச்சிருந்தாலும் ஏலத்துக்கு ஆவும்." எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

படித்து முடித்து வெளியூர்க் கல்லூரியில் அக்கா ஆசிரியர் ஆனார். திருமணம் செய்துகொள்ளவில்லை. "கல்லைக் கட்டிக்கிட்டா" என்றார்கள். சுனாமிக்குப் பிறகு அம்மாவுக்குக் கடல் பக்கம் இருக்கப் பயம். எனக்கு அதைவிடப் பயம். அக்கா தன் சம்பளத்தில் நெரவியில் வயலைத் தூர்த்த மனை ஒன்றை வாங்கி வீடு கட்டினார். அதன் பின்பக்க அறை முழுவதும் கற்கள்.

அந்தக் கற்களைப் பற்றி உங்களில் ஒருவரும் கேட்டதில்லை. அதனால் நானே சொல்கிறேன். அரியலூர்ப் பக்கம் ஓடைக்கரைகளில் தட்டுத் தட்டாகப் பாறை தெரியும். மனிதனே இல்லாத காலத்தில் ஆறு வெள்ளமாக வந்து விட்டுப்போன மண், மேலே மேலே படிந்து இறுகிக் கல்லானது அது. ஒவ்வொரு தட்டும் ஒரு காலம். அடியில் இருப்பது பழையது. அந்த மண் ஈரத்தில் கிடந்ததா, வெயிலில் காய்ந்ததா என்று கல்லைப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்பதுதான் அக்காவின் படிப்பு. விடுமுறை என்றால் சுத்தியலோடு கிளம்பிவிடுவார். நான் போனில் விடாமல் கேட்டுக்கொண்டிருப்பேன், சாப்பிட்டீங்களா, தண்ணி இருக்கா, பாம்பு ஏதாவது கெடக்கா என்று. "பாம்பு நல்லாருக்குடா, ஒன்னைக் கேட்டுச்சு" என்பார்.

ஒருநாள் ஒரு சிவப்புக் கல்லை என் கையில் கொடுத்தார். உள்ளே பட்டாணி போல வெள்ளை முடிச்சுகள்.

"இது சுண்ணாம்புடா. மழை கொறைஞ்சு வெயில் நீண்டு கெடந்த காலத்துலதான் மண்ணுக்குள்ள இப்படி முடிச்சு கட்டும். இந்தக் கோட்டைப் பாரு, தரை வெடிச்ச வெடிப்பு. அதுக்குள்ள மேல்மண்ணு எறங்கியிருக்கு."

"அப்ப அந்தச் சனமெல்லாம் தண்ணிக்கு என்ன பண்ணுச்சு?"

"சனமே இல்லடா அப்ப."

"அப்பாடா."

அதற்கு அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. கவலைப்படுவதற்கு உனக்கு இந்தக் காலம் போதவில்லையா என்றார்.

கெட்டிக் கல்லின் மேல் பெயின்ட்டால் எண் போட்டு, எந்தப் பக்கம் மேலே என்று அம்புக்குறியும் போட்டிருப்பார். மிருதுவான மண்கற்களில் பெயின்ட் பிடிக்காது. அவற்றைத் துணிப்பையில் கட்டி, பையின் மேல் எண் எழுதுவார். அடித்தட்டு கீழ் அலமாரியில், மேல்தட்டு மேல் அலமாரியில். ஓடைக்கரை எப்படி நின்றதோ அப்படியே அறையிலும் நின்றது. "வரிசை போச்சுன்னா வெறும் ஜல்லிடா" என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். ஓடைக்கரையைப் பிறகு சிமெண்ட் போட்டு மூடிவிட்டார்கள். அங்கே போய் இன்னொரு முறை எடுக்க வழியில்லை. கீழ்த்தட்டுகளின் ஆராய்ச்சியை முடித்து அக்கா வெளியிட்டுவிட்டார். அவை சொன்னது நீண்ட வறட்சிக் காலத்தை. மேலே போகப் போக மழை திரும்பியதா, இல்லையா? அந்தப் பதில் மேல் அலமாரிப் பைகளில் இருந்தது.

அதற்குள் அக்காவுக்குச் சிறுநீரகம் பழுதானது. புதுச்சேரிக்கும் வீட்டுக்கும் அலைந்தோம். கடைசி மாதத்தில் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். தன்னோடு வேலை பார்த்த பேராசிரியை வந்து பைகளை எடுத்துப்போகும் வரை அந்த அறையை யாரும் தொடக் கூடாது. "அவ முடிச்சிருவா. நீ பாத்துக்க." நான் பூட்டினேன். இழுத்து இழுத்துப் பார்த்தேன். சாவி என் அரைஞாணிலேயே கிடந்தது.

ஐப்பசி அடைமழையில், புதுச்சேரி மருத்துவமனையிலேயே அக்காவும் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆம்புலன்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு வீட்டுக்குப் போன் செய்தபடி வந்தேன். பந்தல் போட்டாச்சா, ஐஸ் பெட்டி வந்ததா, அம்மா ஏதாவது குடித்தார்களா? "எல்லாம் நான் பாத்துக்குறேன், நீ வாடா" என்றார் சின்ன மாமா.

பார்த்துக்கொண்டார். வாசல் முழங்கால் சேறாக இருந்தது. அக்காவைக் குளிப்பாட்ட நீர்மாலைக் குடம் தூக்கி வரும் பெண்கள் வழுக்கி விழுந்தால் என்ன செய்வது என்று யோசித்தவர், பூட்டுக் கொண்டியைக் கடப்பாரையால் நெம்பி, அறையில் இருந்ததை எல்லாம் கூடை கூடையாக அள்ளி வந்து தெருவிலிருந்து பந்தல் வரை பரப்பியிருந்தார். பைகளை உதறிக் கொட்டிவிட்டு, துணி நன்றாக இருக்கிறதே என்று ஆளுக்கு இரண்டாகப் பிரித்துக்கொண்டார்கள். நான் ஆம்புலன்சிலிருந்து இறங்கிக் கால் வைத்தது அந்தச் சிவப்புக் கல்லின் மேல்.

"மாமா, இது என்ன மாமா?"

"ஏன்டா, கெடந்த கல்லைத்தானே போட்டேன்? நம்ம ஊர்ல கல்லுக்கு எங்க போறது?"

"அக்கா கல்லு மாமா அது."

"அக்காவே போயிட்டா. சனம் விழுந்து கைகால் ஒடிஞ்சா நீ பாப்பியா?"

பக்கத்தில் நின்ற ஒருவர், "நல்ல யோசனைதான், இல்லாட்டி வர முடியுமா?" என்றார். யார் என்று எழுதவில்லை. அவருக்குத் தெரியும்.

மாமா சொன்னதில் ஒன்று மட்டும் சரி. நம் ஊர் மண்ணில் கல் கிடையாது. அம்மிக்கல்லும் வெளியூரிலிருந்து வந்ததுதான். அதனால்தான் இங்கே எந்தக் கல்லைக் கண்டாலும் மிதிக்கத்தான் தோன்றுகிறது போலிருக்கிறது.

இந்த மலரைப் படிக்கிற உங்களில் பெரும்பாலோர் அன்று அந்த வழியாகத்தான் நடந்து வந்தீர்கள். மாலைகளும் அதன் மேலேதான் வந்தன. அக்காவைத் தூக்கிப் போனதும் அதன் மேலேதான். கெட்டிக் கற்கள் கால்களைத் தாங்கின. மண்கற்கள் தாங்கவில்லை. தண்ணீர் பட்டால் அவை கரையும். எவ்வளவோ காலம் கல்லாக இருந்தவை, நாங்கள் சுடுகாட்டுக்குப் போய்த் திரும்புவதற்குள் மறுபடி சேறாகிவிட்டன. வந்தவர்கள் வாசல் குழாயடியில் காலைக் கழுவிவிட்டுப் போனீர்கள்.

காரியம் முடிந்து சில வாரம் கழித்து அந்தப் பேராசிரியை வந்தார். முற்றத்தில் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டினார். எண் தெரிந்த கெட்டிக் கற்கள் கொஞ்சம் கிடைத்தன. எல்லாம் கீழ்த்தட்டு, முடிந்துபோன கணக்கு. மேல்தட்டு என்று சொல்ல ஒரு பிடி மண் இல்லை. என்னைத் திட்டுவார் என்று பயந்தேன். திட்டவில்லை. "அவுங்க கேட்டதுக்குப் பதிலே இல்லாம போச்சு தம்பி" என்று சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். திட்டியிருக்கலாம்.

மாமாவோடு இந்த ஒரு வருடமாக நான் பேசவில்லை. அம்மாவுக்கு அதில் வருத்தம். மாமா கெட்டவர் இல்லை, வேலை செய்கிறவர் என்பது எனக்கும் தெரியும். தெரிந்தும் பேச வரவில்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். மருத்துவமனையில் அக்காவை முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், அன்று கடலுக்குப் போகாமல் மழையில் வந்து தோள் கொடுத்த காரைக்கால்மேட்டு மக்களுக்கும், அக்காவிடம் படித்துத் தூரத்திலிருந்து வந்து மூலையில் நின்று அழுத மாணவிகளுக்கும் நன்றி. எல்லோரையும்விட, வரிச்சிக்குடியிலிருந்து போன மாதம் பஸ் ஏறி வந்த எங்கள் பெரியம்மா மகளுக்கு. அன்று அவசரத்தில் உதறாமலே அவர் கையில் ஒரு பையைக் கொடுத்திருக்கிறார்கள். உள்ளே கனமாக இருக்கிறதே, பிறகு பார்க்கலாம் என்று அப்படியே பரணில் போட்டு மறந்துவிட்டாராம். முடிச்சுகூட அவிழவில்லை. எண்ணும் அழியவில்லை. மேல்தட்டு. பேராசிரியைக்குப் போனில் சொன்னபோது எண்ணை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். ஒரு பையை வைத்து முழுப் பதிலும் சொல்ல முடியாது, இன்னும் நாலைந்து கிடைத்தால் பார்க்கலாம் என்றார்.

அதனால் இதைப் படிப்பவர்கள் வீட்டுக்குப் போனதும் பரணையும் கட்டிலடியையும் ஒரு தடவை பாருங்கள். அவிழ்க்காத பை இருந்தால் கொண்டு வாருங்கள். ஏன் எடுத்தீர்கள் என்று நான் கேட்க மாட்டேன். சின்ன மாமா கொண்டு வந்தாலும் வாங்கிக்கொள்வேன். அழுக்காக இருக்கிறதே என்று மட்டும் நினைக்காதீர்கள். தயவுசெய்து கழுவிவிடாதீர்கள்.